பதிமூன்றா, பதினாலா

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை, எங்கள் சின்ன காருக்கு டயர் மாற்ற நானும் கணவரும் மயிலாப்பூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் அளவு கேட்டார். கணவர் குனிந்து பழைய டயரைப் பார்த்து, "அஞ்சு இருபது, பதிமூணு" என்றார். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம் என்று எனக்கு விளக்கவும் செய்தார்.

கொண்டுவந்த டயர் ரிம்மில் ஏறவே இல்லை.

"இன்னா சார், பதினாலுன்னு பெரிசா போட்டுக்கீது, பதிமூணுன்றீங்க?" என்றார் கடைக்காரர்.

கணவர் மறுபடி குனிந்தார். இந்த முறை எண்களை விரலால் தடவிப் படித்தார். தினமும் காலையில் எங்கள் இரண்டு பெண்களையும் அந்தக் காரில் பள்ளிக்கு அழைத்துப் போனவர் அவர்தான்.

"எவ்ளோ நாளா கண்ணு இப்படி?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷமா" என்றார், என்னைப் பார்க்காமல். "சொன்னா ஓட்ட விடமாட்டே."

சரியான டயரை மாட்டி முடித்தார்கள். நான் சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு ஓட்டத் தெரியாததால், காரைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு அடையாறு பஸ் பிடிக்கக் கிளம்பினோம். எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் சாலையைக் கடக்கும்போது அவர் கையை விடவும் முடியவில்லை.