மார்கழிக்குக் காத்திருந்த வளையல்காரி

அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். மார்கழி முடியச் சில நாட்களே இருந்தன. பொங்கலுக்குச் சேலை எடுக்க ஹாலிஎலத் தோட்டத்துப் பெண்கள் சிலர் பதுளையில் உள்ள என் அப்பாவின் சேலை, வளையல் கடைக்கு வந்திருந்தார்கள். முத்தம்மா அக்காவின் புருஷன், வண்டிக்காரர் கருப்பையா, வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பாப்பா, முத்தம்மா போயிட்டா" என்றார்.

சேலை பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தார். "புள்ள? புள்ளையாவது தங்குச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிள்ளை என்று ஒன்று இருக்கவேயில்லை என்று நான் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். "தாயும் புள்ளையுமா!" என்று அவர் அலறியபோதும் பேசாமல்தான் நின்றேன். முத்தம்மா அக்காவுக்கு நான் கொடுத்திருந்த வாக்கு அப்படி.

கருமாதி முடிந்த பிறகு கருப்பையா அண்ணனே என்னிடம் சொன்னார்: "இப்பச் சொல்லலாம் பாப்பா. இனி யாரு கையையும் அவ பிடிக்கப் போறதில்ல." அதனால்தான் எழுதுகிறேன். முத்தம்மா அக்கா கையால் வளையல் போட்டுக்கொண்டவர்கள் ஹாலிஎலவிலும் லுணுகலையிலும் நூற்றுக்கணக்கில் இருப்பீர்கள். நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கடையில் வளையல் எடுத்துக் கூடையில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு, தேயிலைத் தோட்டங்களில் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் நடப்பதே அவர் வாழ்க்கை. நாற்பது வயதை எட்டவில்லை. பிள்ளை இல்லை. இந்த வருஷம் பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டதே, இனியாவது கொஞ்ச தூரம் அதில் போகலாமே என்று கேட்டேன். "நடந்து போனா நாலு லயத்தைப் பார்க்கலாம். ரயில்ல போனா சன்னலைத்தான் பார்க்கணும்" என்றார். மலை ஏறாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பிரசவத்துக்கு நாள் நெருங்கும் பெண்ணுக்கு வளைகாப்பு என்றால், எந்த மழையிலும் போய் நிற்பார். பிள்ளை இல்லாவிட்டாலும், புருஷன் உள்ள, ராசியான கை என்று அவரையே கூப்பிடுவார்கள்.

ஆவணியில் ஒருநாள் வளையல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்தபோது தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. உள்ளே அழைத்துப் போய்க் கேட்டேன். மாதத்தில் பாதி நாள் உதிரம் நிற்பதில்லை என்றார். வயிறு கல்லாக இருந்தது. இரண்டு வாரம் நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. மிஷன் பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன்.

கர்ப்பப்பையில் நார்க்கட்டி வளர்ந்திருக்கிறது, அது புற்று இல்லை, ஆனால் கர்ப்பப்பையோடு எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அக்கா அழுவார் என்று நினைத்தேன்.

"அறுத்த பிறகு மலை ஏறலாமான்னு கேளுங்க பாப்பா. அதைத்தான் முதல்ல கேக்கணும்."

ஏறலாம், ஆனால் மூன்று மாதம் தலையில் சுமை கூடாது, மேடு கூடாது என்று பதில் வந்தது.

"ஒரு மாசம்னு சொல்லுங்க."

"அக்கா, இது சந்தை இல்ல."

"நீங்க கேளுங்களேன். கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

என்ன பேச்சு என்று டாக்டர் கேட்டார். பேரம் பேசுகிறார் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்தி, அடுத்த வாரமே வர வேண்டும், ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார்.

அக்கா விரல்விட்டு மாதங்களை எண்ணினார். ஐப்பசியில் தீபாவளி, ஒவ்வொரு லயத்திலும் புது வளையலுக்குக் கை காத்திருக்கும். கார்த்திகையில் வளைகாப்புகள் இருந்தன, வாக்குக் கொடுத்தாயிற்று. "மார்கழியில யாரும் நல்ல காரியம் வைக்கமாட்டாங்க. நான் படுத்துக் கெடந்தாலும் யாரும் தேடமாட்டாங்க. மார்கழியில வர்றேன்னு சொல்லுங்க." டாக்டர் கோபித்துக்கொண்டார். நானும் கெஞ்சினேன். கடைசியில், அதுவரை உதிரத்தைக் கட்டுப்படுத்த மருந்தும், மார்கழி இரண்டாம் வாரத்தில் ஒரு நாளும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வயித்துல கட்டின்னு வெளிய போச்சுன்னா எந்தத் தாய் என்னைக் கிட்ட விடுவா? கெட்டுப்போன வயிறுக்காரி தொட்டா சூலிக்கு ஆகாதும்பாங்க. நான் இருக்கிற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க பாப்பா. அப்புறம் வேணும்னா தண்டோரா போடுங்க."

அதன் பிறகு எங்கள் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து அவர் போட்ட திட்டத்தை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலில் வீட்டு முற்றத்தில் நடப்பது. பிறகு வெறுங்கையோடு கடைவீதி. மாசியில் ஹாலிஎலப் பக்கத்துச் சமதரைத் தோட்டங்கள் மட்டும். வளையலைக் கருப்பையா அண்ணன் வண்டியில் கொண்டுபோய்க் கங்காணி வீட்டில் வைத்துவிடுவார். இவர் கை வீசி நடந்து போனால் போதும். லுணுகலை ஏற்றம் சித்திரைக்குப் பிறகு. எல்லாம் சரிதான். ஆனால் மார்கழி வரைக்கும் அவர் உடம்பு தாங்குமா என்பதை மட்டும் அந்தத் திட்டம் கேட்கவில்லை. நான் வைத்திய நூல் ஒன்றை வாங்கி ரகசியமாகப் படித்தேன். படித்த பிறகு தூக்கமும் போயிற்று. ஐப்பசி முழுவதும் மழை கொட்டியது. அவர் எந்தச் சரிவில் விழுந்து கிடக்கிறாரோ என்று ஒவ்வொரு மாலையும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் கூடையோடு தெருமுனையில் தெரிவார். ஒவ்வொரு முறையும் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

கார்த்திகையில், ஹாலிஎலத் தோட்டத்தில் பேச்சியம்மாவின் மருமகள் செல்லத்துக்கு வளைகாப்பு. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு நானும் வண்டியில் கூடப் போனேன். செல்லத்துக்குப் பயம், முதல் பிள்ளை. விரல்களை விறைத்து வைத்திருந்தாள். அக்கா வளையலைப் பற்றியே பேசவில்லை. "நேத்து ராத்திரி என்ன கொழம்பு?" என்று கேட்டார். செல்லம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வளையல் ஏறிவிட்டது. "பயந்த கை பெருத்துப்போகும். பேச்சுக் குடுத்தா தன்னால சிறுத்துரும்" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

எல்லோருக்கும் போட்டு முடித்து எழுந்தவரின் சேலை விலகியது. வயிறு மறைக்க முடியாத அளவுக்கு வந்திருந்தது. பேச்சியம்மா பார்த்துவிட்டார்.

"அடி கள்ளி! ஊருக்கெல்லாம் வளையல் போட்டுட்டு உன் வயித்தை மட்டும் மறைச்சு வச்சிருக்கியா?"

"இத்தன வருஷம் கழிச்சு வண்டிக்காரரு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பிட்டாரு போல" என்றாள் இன்னொருத்தி. லயமே சிரித்தது. அக்காவைப் பிடித்து மனையில் உட்கார வைத்தார்கள். அவர் கூடையிலிருந்தே பச்சை வளையல் எடுத்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார். சந்தனம் பூசினார்கள், வளையல் போட்டார்கள், சர்க்கரைச் சோறு ஊட்டினார்கள். பதினெட்டு வருஷமாகப் பிள்ளைக்கு ஏங்கியவர் அதை எப்படி விழுங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் அங்கே தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

வண்டியில் ஏறியதும், "ஏன் அக்கா?" என்றேன்.

"உண்மையைச் சொல்லியிருந்தா செல்லம் கையில நான் போட்டதை அங்கேயே கழட்டி எறிஞ்சிருப்பாங்க. பாதி வளைகாப்புல கழட்டினா அந்தப் புள்ள மனசு என்னாகும்?" கையில் போட்டுவிட்டிருந்த பச்சை வளையல்களைத் தடவினார். "ஆனா இனி ஒரு புள்ளைக்கு நான் எங்க போவேன், பாப்பா? அதை என் கணக்குல சேக்கலியே." அவர் உட்கார்ந்திருந்த சாக்கு நனைந்து சிவந்திருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு வளைகாப்பு பாக்கி இருக்கிறது என்றார். அதற்கும் நடந்தே போய் வந்தார்.

மார்கழியில், குறித்த நாளில், தாமாகவே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் நர்ஸ் அவர் கைகளில் இருந்த வளையல்களைக் காட்டி, கழற்ற வேண்டும் என்றாள். கைகள் வீங்கியிருந்தன. ஒரு வளையலும் அசையவில்லை. நர்ஸ் உடைப்பதற்கு ஏதோ எடுத்து வந்தாள்.

"ஒடைக்காதீங்க! அவரு உசுரோட இருக்காரு" என்று கத்தினார் அக்கா. அவர் குரலில் பயத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். கருப்பையா அண்ணன் வெளியே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சோப்பும் தண்ணீரும் கேட்டு வாங்கினேன். அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். "சித்திரையில லுணுகலைக்கு எந்த வழியா போவீங்க?" என்று கேட்டேன்.

"குறுக்குப் பாதையில ஏறினா வெயிலுக்கு முன்னாடி..." என்று தொடங்கினார். எந்தத் தோட்டத்தில் தண்ணீர் குடிப்பார், எந்த லயத்தில் யார் அவருக்குச் சோறு எடுத்து வைப்பார், எந்த வளைவில் நாய் துரத்தும் என்று சொல்லிக்கொண்டே போனார். உச்சிக்கு ஏறி முடிப்பதற்குள் கடைசி வளையலும் கழன்றுவிட்டது. ஒன்றுகூட உடையவில்லை.

கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் கண் விழித்துப் பேசினார். "எத்தன நாள்ல நடக்கலாம்?" என்று கேட்டார். அடுத்து வந்த காய்ச்சலோடு போராட உடம்பில் ரத்தம் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்னார். முன்பே வந்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் செய்தது சரி என்று நான் எழுதமாட்டேன். மறைத்து வைத்து உதிரம் கொட்டிக்கொண்டிருக்கும் பெண் யாராவது இதைப் படித்தால், அல்லது யாராவது படிக்கக் கேட்டால், நல்ல மாதம் பார்க்காமல் போங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, டாக்டர் முன்னால் அவர் கேட்ட அந்த முதல் கேள்வியை. பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லை. பிழைத்தால் மலை ஏறலாமா என்று கேட்டார்.

செல்லத்துக்குத் தை கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள்.