மதினியின் கன்னத்துச் செல்

மல்லிகை வாசத்தோடு பூச்சிமருந்து நெடியும் சேர்ந்து ஒரு வாடை... நிலக்கோட்டைப் பக்கம் பூ எடுப்பவர்கள் கையில் அது இருக்கும். என் மதினி கையிலும் இருந்தது.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு லேபில் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்ட். பூச்சிமருந்து டி.என்.ஏ.வைக் கெடுக்கிறதா என்று மூன்று டெஸ்ட் செய்து, எது நம்பகமானது என்று ஒப்பிட வேண்டும். பூ எடுப்பவர்களிடம் சாம்பிள் கேட்டோம். மதினியும் கொடுத்தார். அப்போது அவர் மாசமாக இருந்தார்.

"தம்பி, நான் தோட்டத்துக்குப் போகலாமா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

டெஸ்ட் சொல்லிவிடும் என்று நம்பினேன்.

மருந்தைப் பாக்டீரியாவில் விட்டுப் பார்த்த டெஸ்டில் ஒன்றுமே இல்லை. நிம்மதி. அடுத்தது மதினியின் ரத்தத்தில் காமெட் டெஸ்ட். டி.என்.ஏ. உடைந்திருந்தால் மைக்ரோஸ்கோப்பில் வால் மாதிரி நீளும்... நீண்டிருந்தது. ப்ராஜெக்டை நடத்திய கைடிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "இது புதுசா உடைஞ்சதா இருக்கும். உடம்பே சரி பண்ணிக்கிட்டாலும் பண்ணிக்கிரும்" என்றார்.

மூன்றாவது, கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்த செல். பாதிப்பு இருந்தால் செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி உட்கரு தெரியும். நிறையவே தெரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது... விடியுமுன் பூ எடுக்கப் போகிற பெண்கள் தூக்கம் கலைய வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். மதினியும்தான். கெடுத்தது மருந்தா, புகையிலையா?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒண்ணு இல்லங்குது, ஒண்ணு இருக்குங்குது, ஒண்ணு எதுனாலன்னு தெரியலங்குது. இம்புட்டுப் படிச்சும் இதானா தம்பி?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "தெரியல மதினி" என்றேன்.

முந்தானையில் முடிந்திருந்த புகையிலையை எடுத்துக் குப்பையில் போட்டார். "இத விட்டுரலாம். பூவ விட்டா சோத்துக்கு என்ன செய்ய?" மறுநாளும் தோட்டத்துக்குப் போனார்.

பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதை வைத்து எந்த டெஸ்ட் சரி என்று சொல்ல முடியாது. இருந்தாலும் லேபில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

அன்றைக்குக் கண் வலிக்க வலிக்க நாங்கள் அளந்த வாலை இப்போது கம்ப்யூட்டர் அளந்து தருகிறது. சாம்பிள் எடுக்குமுன் வெற்றிலை, புகையிலை பற்றித்தான் முதலில் கேட்கிறோம். அந்தப் பிள்ளை காலேஜ் போகிறாள். லீவில் அம்மாவோடு பூ எடுக்கக் கிளம்பியவளிடம், "மருந்தடிச்ச அன்னைக்குப் போகாதம்மா" என்றேன்.

"மத்த நாளு போனா ஒண்ணும் ஆகாதுல்ல சித்தப்பா?"

கையுறை வாங்கி வந்திருந்தேன். அதை அவளிடம் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொன்னேன்.