ஜெயிச்சா கட்டுறேன்னு சொன்ன வேப்பஞ்சேலை

பெரியபாளையத்து அம்மனை நம்பி வாழும் சனங்களுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து அவள் மகள் ஒருத்தி எழுதுகிறேன். அவளுக்குக் கண்ணில்லை என்று நான் சொன்ன நாளிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், பங்குனி மாசம். எனக்குப் பதினெட்டு வயசு. டென்னிஸ்தான் என் தொழில் என்று முடிவு பண்ணி, சின்னச் சின்னப் போட்டிகளுக்காக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். போன இடமெல்லாம் தகுதிச் சுற்றிலேயே மண்ணைக் கவ்விவிட்டு வருவேன். கொல்கத்தாவில் நடந்த போட்டியில்தான் முதன்முறையாகத் தகுதிச் சுற்று ஆடாமல் நேரடியாக இடம் கிடைத்தது. கிளம்பும்போது, "தாயே, ஜெயிக்க வை. ஆடி மாசம் வேப்பஞ்சேலை கட்டிக்கினு உன் கோயில சுத்தி வரேன்" என்று வேண்டிக்கொண்டேன். உடம்பு முழுக்க வேப்பிலையைச் சுற்றிக் கட்டுவதுதான் வேப்பஞ்சேலை. அவள் குங்குமப் பொட்டலத்தை ராக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்கு டென்னிஸ் வந்ததே நைனாவால்தான். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி இழுக்கும் ஒரு ரோலிங் மில்லில் அவருக்கு வேலை. மில் அதிகாரிகளின் குவார்ட்டர்ஸில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கி, ஷிஃப்ட் முடிந்த கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் எனக்குப் பந்து போடுவார். ஆட்ட விதி ஒன்றும் தெரியாது. நான் நெட்டில் அடித்தால் மட்டும், "அத்த கிழிக்கிறதுக்கா கட்டி வச்சிக்கீறான்?" என்று கிண்டல் பண்ணுவார்.

கொல்கத்தாவில் முதல் செட்டை நான்தான் ஜெயித்தேன். அப்புறம் என்ன ஆனதென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கை என் கையாகவே இல்லை. போட்ட சர்வீஸ் எல்லாம் நெட்டில். கடைசிப் பாயிண்ட்டையும் டபுள் ஃபால்ட் போட்டு நானே தாரை வார்த்தேன்.

ஜெயித்திருந்தால் அந்த வாரம் முழுக்க அங்கேதான், அதற்கடுத்து வேறு ஊர். தோற்றதால் அன்றைக்கே ரயில் ஏறினேன். வீட்டுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "வா கண்ணு, சீக்கிரம் வந்துடு" என்றாள். நைனா எங்கே என்றால், "ஷிஃப்ட்டுல கீறாரு" என்று சட்டென்று வைத்துவிட்டாள். ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை. நைனாவுக்கு என்னோடு பேசவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வழி முழுக்க அழுதேன். குங்குமப் பொட்டலத்தை எடுத்து, "உனக்குக் கண்ணில்ல. இனிமே உன்னாண்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்றேன். எங்கள் ஸ்டேஷனில் அந்த ரயில் நிற்காது. ஜன்னலில் கும்மிடிப்பூண்டி ஓடி மறைந்தது. சென்ட்ரல் வரை போய், லோக்கல் ரயில் பிடித்துத் திரும்பி வந்தேன்.

வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது.

அம்மை கண்ட வீட்டில்தான் அப்படிச் செருகுவார்கள். அம்மா வெளியே வந்து என் காலில் மஞ்சள் தண்ணி ஊற்றினாள். "நைனா மேல ஆத்தா வந்துக்கீறா" என்றாள். உள்ளே வாழையிலையில் நைனா கிடந்தார். உடம்பெல்லாம் அம்மை முத்து. அதைவிட அவர் மூச்சுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குழிந்து குழிந்து எழும்பியது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏம்மா வந்துட்ட? ஆட்டம் இன்னாச்சு?" என்று கேட்டார். அந்த ரெண்டு வார்த்தைக்கே இருமித் துவண்டுபோனார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். பக்கத்து வீட்டிலிருக்கும் அத்தை, நைனாவின் அக்கா, குறுக்கே வந்து நின்றாள். "இன்னா பேசுற நீ? தலைக்கு மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டுனா ஆத்தா சும்மா உடுவாளா? ஊசி கீசி போட்டா குடும்பமே அழிஞ்சிடும்!"

எங்கள் தெருவில் அம்மை கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் யாரும் இல்லை. அத்தையும் தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள்தான். அந்தப் பயத்தில்தான் தடுத்தாள். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நைனாவின் தலைமாட்டில் இருந்த வேப்பிலைக் கொத்தைக் கையில் எடுத்தேன். எதுவும் கேட்க மாட்டேன் என்று சொன்ன அதே வாயால், "தாயே, உன்ன உட்டுட்டுப் போவல. உன்னையும் கூட்டிக்கினுதான் போறேன். எங்க நைனாவ எனக்குக் குடு" என்று கத்தினேன். அத்தை என்ன நினைத்தாளோ, வழியை விட்டு நகர்ந்து, அழுதுகொண்டே கற்பூரம் ஏற்றினாள். சென்னைக்குக் கிளம்பிய வேனில் நைனாவின் தலை என் மடியில் இருந்தது. வேப்பிலை அவர் நெஞ்சில் இருந்தது.

அம்மை நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்று சென்னையில் சொன்னார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கொண்டுவந்தும் பயனில்லை என்றார் டாக்டர். வார்டுக்கு வெளியே நின்று அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தோம். நைனா பிழைத்தார்.

ஆடி மாசம் பெரியபாளையம் போனோம். ஜெயித்தால் கட்டுகிறேன் என்று வேண்டியதை, தோற்றுவிட்டுக் கட்டினேன். ஈர வேப்பிலை உடம்பெல்லாம் உறுத்த, கோயிலைச் சுற்றி வந்து உட்கார்ந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"கண்ணு, உன்ன தோக்க வச்சதே நான்தான். புள்ளைக்குச் சொல்லாத, ஆட்டம் கெட்டுடும்னு நைனா சத்தியம் வாங்கிக்கினாரு. உங்க அத்தைய எதுத்துப் பேச எனக்குத் தெகிரியம் இல்ல. நீ அங்க ஆடிக்கினு இருந்தப்ப, எம்பொண்ண எப்படியாவது ஊட்டுக்கு அனுப்பிடு தாயேன்னு வேப்பிலையப் புடிச்சிக்கினு அழுதேன்."

ஒரே தாயிடம் நான் ஒன்று கேட்டிருக்கிறேன், என்னைப் பெற்றவள் ஒன்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்டதைத் தாய் கொடுத்தாள். நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

நைனாவால் இப்போது மில்லுக்குப் போக முடியாது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். நெருப்புக்குப் பக்கத்தில் நின்று இரும்பு இழுத்த மனுஷன் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. நானும் பெரிய ஆட்டக்காரி ஆகிவிடவில்லை. தோற்றுத் தோற்றுத்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தோற்றதற்காக அந்த ஆத்தாளைத் திட்டுவதில்லை.

கேட்டது கிடைக்காத நாளில் அவளை விட்டு விலகிவிடாதீர்கள், சனங்களே. அதே நேரத்தில் உங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறார்களோ, உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் கோர்ட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் நைனா இன்றைக்கும் எனக்குப் பந்து போடுகிறார். அவர் போடும் பந்து நெட்டைத் தாண்டி வருவதில்லை. நான்தான் அந்தப் பக்கம் போய், அவர் பக்கத்தில் நின்று அடிக்கிறேன்.