ஐந்து மணி நேரத் தூரம்

சவுதியின் தமாமிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம்தான். எங்கள் ஊரில் இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்ன பெருமை என் சித்தப்பாவைச் சேரும். அம்மா இறந்த அன்று காலை சிதம்பரத்துக்கு ஓடிப்போய், பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்தார். மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். கடலூர், பாண்டி வழியாக மெட்ராஸ் போகிற பஸ்ஸே அதைவிட ஜாஸ்தி நேரம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் அப்பா வேலை பார்க்கும் சவுதி, மெட்ராஸைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய ஆறுதல்.

"கெளம்பிட்டேன், நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கடா" என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். வீட்டுக்கு நான் ஒரே பெண். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை கிடையாது, அப்பாதான் வந்தாக வேண்டும். சித்தப்பா விமானத்தையும் காரையும் கூட்டிப் பார்த்து, மறுநாள் காலை பத்து மணிக்கு இறுதி ஊர்வலம் என்று போஸ்டர் அடித்து, கீரப்பாளையம் வரைக்கும் ஒட்டிவிட்டார். செத்தவருக்குப் போஸ்டர் ஒட்டாவிட்டால் எங்கள் பக்கம் மரியாதை இல்லை.

பத்து மணி ஆகியும் அப்பா வரவில்லை. போஸ்டர்களில் பத்தின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டி நான்கு என்று எழுதச் சொல்லி ஆள் அனுப்பினார் சித்தப்பா. வாடகை ஐஸ் பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். அந்த வருஷங்களில் பாதி நாள் கரண்ட் இருக்காது. கரண்ட் போனால் பெட்டியின் சத்தம் நின்று, கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். நான் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்பா பார்க்கும்போது முகம் தெரிய வேண்டும் அல்லவா.

மத்தியானம் சித்தப்பா அப்பாவுக்குப் போன் போட்டார்.

"என்னாப்பா, ரிங் போவுதா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"போவுது."

"பிளேன்ல இருந்தா எப்டி போவும்?"

சித்தப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, தொடைச்சது போதும், எழுந்து வாம்மா" என்றார்.

நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் அஞ்சு மணி நேரம் இருங்க சித்தப்பா, அவ்ளோ தூரம்தான" என்று கெஞ்சினேன். எதற்கெடுத்தாலும் அதட்டுகிற மனிதர், அன்று ஒரு வார்த்தை அதட்டவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நான்கு மணிக்கு அம்மாவை எடுத்தார்கள். சித்தப்பாதான் கொள்ளி வைத்தார்.

அப்பா வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது என்பதும், அந்த ஆள் கையெழுத்துப் போடாமல் அங்கிருந்து ஒருவரும் கிளம்ப முடியாது என்பதும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தன்னால் வர முடியாதென்று அப்பாவுக்கு முதல் போனிலேயே தெரியும். அதைச் சொல்லியிருந்தால் இறந்த அன்று சாயங்காலமே அம்மாவை எடுத்திருப்போம். சவுதியில் ஏதோ ஓர் அறையில், அடிக்கிற போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் அம்மாவை இன்னும் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் படுக்க வைத்தார் என்பது, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குப் புரியவில்லை.