மண்ணுக்குள் போன மேஸ்திரி

என் அக்கா வீட்டுக்காரருக்குக் காது மந்தம். பிறவியில் வந்ததல்ல, பிழைப்பில் வந்தது. கட்டடம் எழுப்புவதற்கு முன்னால் பூமிக்குள் கான்கிரீட் தூண்களை அடித்து இறக்குகிற மிஷினுக்கு அவர் ஆபரேட்டர். யானை கனத்துக்கு ஒரு சுத்தியல் மேலே போய்க் கீழே விழும். அதன் பக்கத்தில் பாதி ஆயுள் உட்கார்ந்திருந்தால் யார் காதும் அவ்வளவுதான். வீட்டில் அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை குரலில் எரிச்சல் வந்துவிடும், அந்த எரிச்சல் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிடும். "இப்ப எதுக்குக் கத்துறே?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

அதனால்தான் அத்தான் மீன் பக்கம் போனார் என்று நினைக்கிறேன். மீனோடு பழகக் காது வேண்டாமே. ஆனால் மனுஷன் சின்னதாக ஒரு கண்ணாடிக் குடுவையில் இரண்டு மீனை விட்டுவிட்டு இருக்கக் கூடாதா? ஆப்பிரிக்காவில் ஏதோ பெரிய ஏரியின் மணல் தரையில் மேய்கிற ஒரு சாதியைத் தேடிப் பிடித்தார். சிக்லிட் என்பார்கள். வரும்போது விரல் நீளம்தான் இருந்தன, ஒரு ஆணும் இரண்டு பெண்ணும். வளர்ந்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வந்து நின்றன. அவற்றுக்காகக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி வந்தது, சோபா வெளியே போனது. தொட்டிக்கு மணல் சலிக்க அக்காவின் மாவுச் சல்லடையை எடுத்துவிட்டார். அந்தச் சண்டை அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே இருக்கிற என் சலூன் வரைக்கும் கேட்டது. முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவர் "மேல என்னங்க?" என்று கேட்டார். "மணல்" என்றேன்.

ஆண் மீனுக்கு நான்தான் பெயர் வைத்தேன், மேஸ்திரி என்று. காலையிலிருந்து மண் வேலைதான் அதற்கு. தலைகீழாக மணலில் வாயைக் குத்தும், ஒரு வாய் அள்ளும், மென்று பார்க்கும், தின்ன ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளும். மிச்ச மணல் இரண்டு செவுள் வழியாகவும் பொலபொலவென்று கொட்டும். ஒரு மூலையில் குழி, இன்னொரு மூலையில் குவியல். மறுநாள் அப்படியே இடம் மாற்றும். பெண் மீன்கள் தள்ளி வேலை செய்தால் போய் ஒரு முட்டு முட்டிவிட்டு வரும். அத்தான் வேலை விட்டு வந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டால், மூன்றும் கண்ணாடிக்கு வந்து நிற்கும். கையைத் தண்ணீரில் விட்டால் விரலிலிருந்து தீனி எடுக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண போட்டோவில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. இதை அக்காவே சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி மனையில் பெரிய கட்டடம் எழும்பப்போகிறது என்றார்கள். தூண் இறக்கும் வேலை அத்தானுடைய கம்பெனிக்கே கிடைத்தது. எத்தனையோ வருஷம் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனவர், இப்போது சுவரைச் சுற்றி நடந்தால் போதும். "மாப்ளே, இனிமே மத்தியானம் சூடா வீட்டுச் சாப்பாடு" என்று சலூன் வாசலில் நின்று சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முதல் அடி விழுந்ததும் என் கடைக் கண்ணாடி மூன்றும் அதிர்ந்தன. ஒருவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தேன், நல்ல வேளை, எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் சுத்தியல் மேலே போகிற இடைவெளியில் ஒரு இழுப்பு, விழுகிறபோது கையைத் தூக்கிக்கொள்வது என்று ஒரு தாளம் பழகிவிட்டது.

மத்தியானம் அத்தான் வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டி காலி. மேல் மூடி மூடியபடி இருக்கிறது, மீன் மட்டும் இல்லை. மனுஷன் பதறிப்போய்க் கட்டிலுக்கடியில் தேடினார், நாற்காலிகளை நகர்த்தினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"மண்ணைப் பாருங்க" என்றாள்.

மணலில் ஒரு கண் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு வால் நுனி. பயந்தால் இந்த மீன் மண்ணுக்குள் பாய்ந்துவிடும் என்று மீன் விற்ற கடைக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தாராம். இவர் வீட்டில் அதற்குப் பயம் என்று எதுவும் வந்ததில்லை, அதனால் இவர் பார்த்ததும் இல்லை. அக்கா காலையிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு அடிக்கும் மூன்றும் தலைகுப்புற மண்ணில் பாயும், சத்தம் சற்று ஓய்ந்தால் எழும், மறுபடி அடி. மேஸ்திரிக்கு நெற்றித் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

அத்தான் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டினார். நெற்றி அடிபடாமலிருக்க இன்னும் இரண்டு வாளி மணல் போட்டார். அடியில் ரப்பர் விரிக்கலாம் என்றால் தண்ணீரோடு அந்தத் தொட்டியை அசைக்கப் பத்து ஆள் வேண்டும். சைட் இன்ஜினியரிடம் போய்க் கொஞ்சம் மெதுவாக அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சுத்தியல் ஏறினால் அதன் கனத்துக்கு விழும், அதில் மெதுவாக என்று ஒன்று கிடையாது. கேட்டவருக்கே அது தெரியும். பாதியில் நிறுத்தவும் முடியாது, மண் தூணைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் இறங்காது. இன்ஜினியர் சிரித்தாராம்.

"வேற சைட்டுக்கு மாத்திக் கேளுங்களேன் அத்தான்" என்றேன்.

"நான் போனா இன்னொருத்தன் வந்து அடிப்பான். நான் இருந்தா மத்தியானம் வந்து பாக்கவாவது முடியும்."

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் பார்த்தோம். அவ்வளவு பெரிய தொட்டி எங்களுக்குத் தெரிந்து ஒரு பல் டாக்டரிடம் மட்டும் இருந்தது. நானும் கூடப் போனேன். தொட்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடியில் கலர் கலராகக் கூழாங்கல். "நம்ம மேஸ்திரி இங்க என்ன வேலை செய்வான், சும்மா உக்காந்திருப்பானா?" என்று கேட்டுவிட்டு அத்தான் திரும்பி நடந்தார். டாக்டர் எங்களைப் பல் பிடுங்கப் பயந்து ஓடுகிறவர்கள் என்று நினைத்திருப்பார்.

மிச்சமிருந்தது மத்தியானம் மட்டும்தான். சத்தம் நின்றதும் அத்தான் ஓடிவருவார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்காருவார். மீன்கள் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து எழுந்து வரும். விரலால் ஊட்டுவார், ஏதேதோ சொல்லித் தேற்றுவார். நேரம் ஆனதும் எழுந்து போவார். இவர் போய் மிஷினில் ஏறினால் அடி விழும். இப்படியே தினமும் நடந்தது. சில வாரங்களில் மீன்கள் பாதி உடம்புக்குத்தான் எழுந்தன. அப்புறம் அவர் இருக்கிற வரைக்கும் எழுவதே இல்லை. தீனியை மணல்மேல் தூவிவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப் போவார். சுடச்சுடச் சாப்பாடு மூடிவைத்தபடி இருக்கும்.

ஒரு வழியாகத் தூண் வேலை முடிந்தது. மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. இரண்டு மூன்று நாளில் மேஸ்திரி குழி தோண்ட ஆரம்பித்துவிட்டது. நெற்றிக் காயம் ஆறியது. அக்கா கையிலிருந்து தீனி எடுத்தது. நான் போனால் வந்து பார்த்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட மூன்றும் சேர்ந்து வேடிக்கை பார்த்தன. அத்தான் வாசற்படி ஏறினால் மட்டும் தொட்டியில் மணல் கிளம்பும், அடங்கிப் பார்த்தால் மீன் இருக்காது.

அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரிடம் சொல்ல மனசு வராமல் என் கடைக்கு இறங்கி வந்தாள்.

"இவரு வந்து நின்னுட்டுப் போனாத்தான் இடி விழும்னு அதுங்க மனசுல பதிஞ்சுபோச்சுடா. தினமும் அப்படித்தானே நடந்துச்சு? இவரு வராமயே இருந்திருந்தா, யாரோ எங்கேயோ அடிக்கிறாங்கன்னு விட்டிருக்கும்."

நான்தான் சொன்னேன். அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டுமே, தெருவுக்கே கேட்கிற குரலில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"மீசையை எடுத்துரு மாப்ளே."

"என்ன அத்தான் இது?"

"எடுடா. அடையாளம் தெரியாம இருக்கும்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. அவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்த மீசை அது. எடுத்தேன். மேலுதடு வெளுத்து, யாரோ மாதிரி இருந்தார். என் சட்டை ஒன்றைக் கேட்டுப் போட்டுக்கொண்டார். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, என்னை முன்னால் போகச் சொல்லிப் பின்னாலேயே வந்தார். மேஸ்திரி நடுத்தொட்டியில் இருந்தது. என்னைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. அப்படியே நின்றது. ஒரு கணம் அத்தான் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததுதான் தாமதம், மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டன.

இப்போது அவருக்கு ஊருக்கு வெளியே வேலை, மறுபடி இரண்டு பஸ். சாயங்காலம் வந்தால் கூடத்துக்குள் போவதில்லை, கொல்லைப் பக்கத்துப் படி ஏறி வந்து சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அங்கிருந்து தொட்டி தெரியாது. நேற்று நான் போயிருந்தபோது அக்கா கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"என்ன பண்றான்?" என்று அத்தான் கேட்டார்.

உரக்கச் சொன்னால்தான் இவருக்குக் கேட்கும், உரக்கச் சொன்னால் மீன் பயப்படும். அக்கா வாயைத் திறக்கவில்லை. வலது கையைக் குவித்துத் தலைகீழாகக் கவிழ்த்து எதையோ அள்ளினாள், மேலே கொண்டுவந்தாள், விரல்களை அசைத்து அசைத்து இரண்டு பக்கமும் மணல் கொட்டுகிற மாதிரி காட்டினாள். அத்தான் தலையாட்டினார். "இன்னொரு தடவை" என்றார். அக்கா முகத்தில் கொஞ்சமும் எரிச்சல் இல்லாமல் மறுபடி அள்ளினாள். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, பூனைபோல நடந்து வெளியே வந்தேன்.