கம்ப்யூட்டருக்குப் போட்ட சூடு

மலையாளத்து எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ் ஊரில், போன வருசத்து மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது என் நங்கை வீட்டார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர். அதை அவரும் மறக்கமாட்டார், நம்மையும் மறக்க விடமாட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் கண்ணுக்கு ஒரு எழுத்தும் தப்பாது. வேகமாகப் படிக்கிறவர்கள்தான் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். கோவில் சுவரில் ஒட்டியிருந்ததை விரல் வைத்துக் கூட்டினேன். 'திருவிலா' என்று இருந்தது.

"ஏனுங்க நங்கை, அம்மனுக்கு வலது பக்கத்து விலாவுங்களா, இடது பக்கத்து விலாவுங்களா?" என்று கேட்டுவிட்டேன். பூசாரி திருநீற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நங்கை சிரிக்கவில்லை. "மலையாளத்து அச்சாபீசுல தமிழ் அப்படித்தான் வரும் அம்மிணி. இத்தனை தெரிஞ்சவ, அடுத்த வருசம் நீயே அடிச்சுக் குடு. பார்க்கறேன்."

"அடிக்கறேனுங்க. எங்கூட்டுக் கம்ப்யூட்டர்லயே அடிக்கறேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது அல்ல, மருமகளுடையது என்பது நினைவுக்கு வந்தது.

மருமகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அரிசிக் குதிருக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கம்ப்யூட்டரையும் சின்ன பிரிண்டரையும் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ்தான் இதையும் ஓட்டுகிறது. பெட்டியின் மேல் ஒரு பறவைப் படம் ஒட்டியிருக்கிறது. காக்காய்க்கும் வாத்துக்கும் பிறந்த மாதிரி இருக்கும். திறந்தால் எல்லாம் மலையாள எழுத்து. தமிழ் அடிக்கும் வசதியை இனிமேல்தான் ஏற்ற வேண்டும் என்று அவள் ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூச்சாட்டுக்கு, அம்மனுக்குப் பூப்போட்டு நோம்பி தொடங்கும் அந்த நாளுக்கு, ஐந்து நாள் இருக்கும்போது, அவளைத் திருவனந்தபுரத்துக்குப் பரிசீலனத்துக்கு வரச் சொல்லி ஓலை வந்துவிட்டது. பரிசீலனம் என்றால் டீச்சர்களையே உட்கார வைத்துப் பாடம் நடத்துவது.

பூச்சாட்டு அன்று நோட்டீஸ் சுவரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஆயுளுக்கும் நான் நங்கை முன்னால் வாய் திறக்க முடியாது. மகனைக் கேட்கலாம் என்றால் அவனுக்குக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் ஷிப்ட். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம். நானே உட்கார்ந்தேன். மருமகள் போனில் சொல்லச் சொல்ல, ஒரு கறுப்புச் சதுரம் திறந்தது. உள்ளே வெள்ளை எழுத்து. பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. சிலேட்டு! இதைத்தானே மூன்று வருசம் எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தேன்?

"அத்தை, இப்ப நான் சொல்ற எழுத்தையெல்லாம் வரிசையாத் தட்டுங்க."

இங்கிலீஷ் எழுத்தில் பாதி எனக்குத் தெரியும், பஸ் போர்டைப் பார்த்துப் பழகியது. மீதியை அவள் அடையாளம் சொன்னாள்: பாம்பு மாதிரி வளைந்தது, பாத்திரம் மாதிரி திறந்தது, கொக்கி மாதிரி வளைந்தது. ஒரு வரி தட்டி முடித்ததும் சிலேட்டு ஏதோ முணுமுணுத்தது.

"மாட்டேங்குதுங்களா? அதுக்கு அதிகாரம் வேணுமுங்க அத்தை. சூடோ போடுங்க."

எனக்குக் கேட்டது 'சூடு போடுங்க' என்றுதான். இருபது வருசம் மாடு கட்டிய வீடு இது. அடங்காத மாட்டுக்கும் வயிறு உப்பின கன்றுக்கும் என் மாமனார் சூடு போட்டதைப் பார்த்தவள் நான். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். இதற்கும் அப்படி உண்டு போலிருக்கிறது.

"எங்க போடறது கண்ணு, பின்னாலயா?"

"முன்னாலதானுங்க அத்தை. எப்பவுமே முன்னாலதான் போடோணும். பின்னால போட்டாக் கேக்காது."

"ஒரு சூடு போதுமா?"

"ஒண்ணு போதுமுங்க. அப்புறம் சொன்னதெல்லாம் கேக்கும்."

போனை வைத்துவிட்டுத் தோசைக் கரண்டியின் காம்பை அடுப்பில் சொருகினேன். காம்பு சிவக்கும் வரை நின்று பார்த்தபோதுதான் ஒரு யோசனை வந்தது. பெட்டியின் முன்பக்கம் பிளாஸ்டிக். உருகிவிட்டால்? திரும்பவும் போன் போட்டேன்.

"அம்மிணி, கரண்டி பழுத்துருச்சு. பிளாஸ்டிக் மேலயே வெச்சரட்டுமா, துணி போட்டு வெக்கட்டுமா?"

"அத்தை... கரண்டியக் கீழ வெய்யுங்க" என்றாள், கிணற்று மேட்டில் நிற்கிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி. சூடோ என்பது நான்கு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு உத்தரவாம். சொன்ன வரிக்கு முன்னால் தட்ட வேண்டுமாம். தட்டினேன். எழுத்து நான்கானாலும் வேலை ஒன்றுதான். முன்னால் வைத்ததும் அந்தப் பெட்டி அடங்கிவிட்டதே!

அடங்கியது, ஆனால் பாஸ்வேர்டு கேட்டது. மருமகள் தயங்கினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் படம் வரைகிற மாதிரி எழுதிக்கொண்டு, அதைப் பார்த்துத் தட்டினேன். சிலேட்டில் ஒன்றும் விழவில்லை. ஓங்கித் தட்டினேன். அப்போதும் இல்லை.

"தட்டறது வெளிய தெரியாதுங்க அத்தை. ஆனா உள்ள போகும்."

"தெரியாம எப்படிப் போகும்?"

"படையல் வெக்கறோமுங்களே, சாமி திங்கறதக் கண்ணுல பாக்கறமா?"

டீச்சர் என்றால் டீச்சர்தான். மூன்றாம் தடவை உள்ளே போனது. வரி வரியாக ஓடிவிட்டு, நடுவில் நின்று, மேற்கொண்டு செய்யட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டதாம். மருமகள்தான் அர்த்தம் சொன்னாள். இந்த வீட்டில் என்னைக் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். செய் என்றேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எந்தப் பொத்தானைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று அவள் சொல்ல, காலண்டர் தாளில் குறித்துக்கொண்டேன். ழ எங்கே என்பதுதான் எனக்கு முக்கியம். கீழ் வரிசையில் ஒரு மூலையில், ஆள் அண்டாத இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். தட்டினேன், ழ என்று வந்து நின்றது. இதற்காகப் பத்தாம் வகுப்பு வரை போக வேண்டியதில்லை. ள எங்கே என்று கேட்கும்போது அங்கே மணி அடித்துவிட்டது. "அப்புறம் சொல்றேனுங்க" என்று வைத்தவள், போனையும் அணைத்துவிட்டாள்.

எல்லாப் பொத்தானையும் தட்டிப் பார்த்தேன். ள மட்டும் இல்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்பதற்கும் மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒன்பது தடவை கூப்பிட்டாகிவிட்டது. சரி, ள இல்லாமலே எழுதுவோம். 'வாருங்கள்' வேண்டாம், 'வரோணும்' போதும். 'பக்தர்கள்' வேண்டாம், 'எல்லாரும்' போதும். 'நாள்' போய்க் 'கிழமை' வந்தது. அதில் ஒரு ழ கூடுதலாகவும் கிடைத்தது. கடைசியில் மாவிளக்கில் வந்து முட்டிக்கொண்டேன். மாவிளக்கு இல்லாமல் நோம்பி ஏது? ல போட்டால் 'விலக்கு' ஆகிவிடும். பெண்டுகள் தீட்டுக்குச் சொல்கிற சொல்லை அம்மன் கோவில் சுவரில் ஒட்டலாமா? அரைநாள் யோசித்து, 'மாவிழக்கு' என்று தெரிந்தேதான் போட்டேன்.

நாற்பது நோட்டீஸ் பிரிண்டரில் வந்து விழுந்துகொண்டிருக்கும்போது, சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் நங்கை வேவு பார்க்க வந்தார். நோட்டீஸை முந்தானையால் மூடிவிட்டேன். பாஸ்வேர்டு எழுதின தாள் மட்டும் மேசையில் கிடந்தது. அதை எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"என்ன அம்மிணி இது, இங்கிலீசு எழுத்துல 'அத்தை சொன்னா சரி'ன்னு எழுதியிருக்குது?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எம் மருமக வெச்ச பாஸ்வேர்டுங்க" என்றேன். "உங்கூட்டு மருமக என்னங்க வெச்சிருக்கறா?" நங்கை சர்க்கரையை மறந்துவிட்டுப் போனார்.

பூச்சாட்டு அன்று நானே பசை தடவி ஒட்டினேன். நங்கை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். அந்த அளவுக்கு என்னிடம் பாடம் கற்றுக்கொண்டிருந்தார். திருவிழா, சரி. செவ்வாய்க்கிழமை, சரி. எல்லாரும் வரோணும், சரி. விரல் நின்றுவிட்டது.

"மாவிழக்கு? அது என்ன இழக்கு அம்மிணி?"

பூசாரி திருநீற்றுத் தட்டை முன்கூட்டியே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"போன வருசம் உங்க நோட்டீசுல ஒரு ழ குறைஞ்சு போச்சல்லங்க நங்கை? அம்மனுக்குப் பாக்கி வெக்கப்படாதுன்னு நான் இதுல ஒண்ணு சேத்து வெச்சுட்டேன்."

நங்கைக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "அடுத்த வருசமும் நீயே அடி" என்றார். ஜெயித்தது நானா அவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மருமகள் வந்து இறங்கினாள். பையைக் கூட வைக்காமல் மீதி இருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் படித்தாள். அவள் கண்ணும் சரியாக அதே இடத்தில் போய் நின்றது. தமிழ் டீச்சர் அல்லவா? ல பொத்தானோடு ஓரத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் ள வரும் என்று பிற்பாடு சொல்லிக் கொடுத்தாள். நோட்டீஸைப் படித்த அந்த நேரத்தில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அத்தை, மாவிழக்குன்னு இருக்குதுங்களே..."

"அப்படித்தான் அம்மிணி எழுதோணும்."

அவள் நோட்டீஸை மடித்து வைத்தாள்.

"சரிங்க அத்தை."

அவ்வளவு நீளமான பாஸ்வேர்டு இவளுக்கு எப்படி மறக்காமல் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.