ஏழாம் எண்ணுக்குக் குரல் கொடுத்தவள்

மலைகள் எல்லாம் இத்தனை லட்சம் வருடமாக எழுந்து நிற்பது எதற்கென்று நினைக்கிறீர்கள்? என் அக்கா வருகிறாள் என்ற மரியாதைக்குத்தான். அவள் முறைத்தால் மேகம் ஓரமாக ஒதுங்கும். கைக்குட்டையை உதறினால் காற்று திசை மாறும். திசைகாட்டியின் முள் ஆடுவதுகூட வடக்கைத் தேடி இல்லை, அக்கா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார்க்கத்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் இதை நம்புகிறார்கள். நம்பாத ஒரே ஆள் நான். கரப்பான்பூச்சிக்குப் பயந்து நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியவளை எனக்குத் தெரியும்.

அக்கா மண்ணைப் பற்றி முதுகலை படித்தாள். நான் பதினொன்றாம் வகுப்போடு புத்தகங்களிடம் பேச்சை நிறுத்திவிட்டு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். அவளுடைய ஆய்வேட்டை நகலெடுத்து ஸ்பைரல் போட்டதே நான்தான். பேராசிரியருக்குப் போகிற பிரதியில் நடுவே ஒரு கழுதைப் படத்தையும் செருகிவிட்டேன். அந்த மனிதர் கழுதையைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் பிடித்தது வேறு.

"மண் எடுக்கப் போன இடத்துல யாருக்குக் கால் வலிச்சுது, யாரு தண்ணி கொண்டுவரல, யாரு பயந்துபோய்ப் பேசாம வந்தாங்கன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கியேம்மா. மண்ணைப் பத்தி எப்போ எழுதப் போற?"

அன்றைக்குத்தான் அக்காவுக்குத் தன் வேலை எதுவென்று விளங்கியது. ஜனங்களைக் காடு, மலை, ஏரி என்று பத்திரமாகக் கூட்டிப்போகிற தலைவர்களுக்கென்று ஒரு படிப்பு இருக்கிறதாம். அதில் போய்ச் சேர்ந்தாள்.

"நடக்குறதுக்கு ரெண்டாவது பட்டமா? ஒரு வயசுலேயே நடந்துட்டாளே!" என்றாள் அம்மா.

"நடக்குறதுக்கு இல்ல, நடக்க வைக்கிறதுக்கு," என்றார் அப்பா. இதையே முடிவெட்டுகிறவரிடம், பால்காரரிடம், தவறான எண்ணில் போன் செய்தவரிடம்கூடச் சொன்னார். ஒரே நாளில் நான் இரண்டாயிரம் பக்கம் எடுத்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசித் தேர்வு மலையில். எட்டுப் பேரை உச்சிக்குக் கூட்டிப்போய் எட்டுப் பேராகவே திரும்பக் கொண்டுவர வேண்டும். தேர்வாளர் அக்காவோடு முன்னால் நடந்தபடி குறிப்பெடுப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் அடுத்த மாதமே ஏரிக்கரை முகாமில் வேலை, இடம்கூடப் பிடித்து வைத்திருந்தார்கள். எட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததால் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"நீதான் வால்," என்று என் கழுத்தில் விசிலை மாட்டினாள். "உனக்குப் பின்னாடி ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. யாராவது நின்னா ஊது. எல்லாரும் நிப்போம்."

"வீட்ல திட்டுறதே அதைச் சொல்லித்தானே? இங்க அது பதவியா?"

"பொருத்தம் பார்த்துதான் குடுத்திருக்கேன். வா."

நிற்கிற இடத்திலெல்லாம் வரிசையாக அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். நான் எட்டு. எனக்கு முன்னால் ஏழு, அக்கா படிக்கிற இடத்திலேயே முதல் வருடம் படிக்கிற சின்னப் பெண். ஐந்து அடிக்கு ஒரு தும்மல் போடுவாள். தும்மல் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

முதல் நிறுத்தத்தில் தும்மலுக்குக் குதிகாலில் கொப்புளம். அக்கா தரையில் மண்டியிட்டு, அந்தக் காலைத் தன் மடியில் வைத்து, பஞ்சு ஒட்டினாள்.

"வலிச்சா மறைக்கக் கூடாது கண்ணு, சரியா?"

கண்ணு! அது என்னுடையது. எனக்கு முழங்கால் சிராய்த்தபோதெல்லாம் எனக்குச் சொன்னது. இரண்டு வருடமாக எனக்கு வெறும் 'ஏய்'தான். எனக்கும் ஒரு கொப்புளம் வந்தால் என்ன என்று ஷூவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பாழாய்ப்போன கால். நாள் முழுக்க நின்றே மரத்துப்போயிருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

ஓடையைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. இரண்டு ஆள் தள்ளிப் போகிறவர் தெரியவில்லை. தும்மல் ஒரு பாறையில் உட்கார்ந்து நனைந்த காலுறையைக் கழற்றினாள்.

"ரெண்டே நிமிஷம்க்கா. எல்லாரையும் நிக்கச் சொல்றீங்களா?"

"சொல்றேன்," என்றேன். விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மேலே வளைவில் அக்காவின் குரல் கேட்டது: "எண் சொல்லுங்க!"

ஆறு வரைக்கும் வந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மலின் குரலில் "ஏழு" என்றேன். கையை எடுத்துவிட்டு "எட்டு" என்றேன். ஜெராக்ஸ் எடுக்கிறவளுக்கு நகல் ஒரு பெரிய விஷயமா?

"சரி, கிளம்பலாம்!"

அடுத்த நிறுத்தத்தில் தும்மலைக் காணோம் என்று தெரியவரும், பின்தங்கியதற்கு அக்கா அவளை வறுத்தெடுப்பாள், 'கண்ணு'வும் கிடையாது ஒன்றும் கிடையாது. இதுதான் என் கணக்கு. ஐம்பது அடி போயிருப்பேன். பின்னால் தும்மல் சத்தம் இல்லை. காலையிலிருந்து எரிச்சலூட்டிய அந்தச் சனியன் பிடித்த சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி நடந்தேன்.

அவள் அதே பாறையில், பையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நகராம இருந்தா அக்கா வந்துடுவாங்கன்னு தெரியும்," என்றாள்.

"எந்த அக்கா வந்தா? நான்தான் வந்திருக்கேன். எழுந்திரு." அந்த நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேளு, நீ எண் சொன்னதுக்கப்புறம் கையுறையைத் தேடித் திரும்பி வந்த. நான் உன்னைத் தேடி வந்தேன். சரியா?"

தலையாட்டித் தும்மினாள்.

மேலே அக்கா எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தாள். கதையைச் சொன்னேன். அக்கா இந்த முறை ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினாள். தேர்வாளர்தான் காலையிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்: "நல்ல வால்." இரண்டாயிரம் பக்கத்துக்குக் கிடைக்காத பாராட்டு. நாக்கில் கசந்தது.

உச்சிக்குப் போய் இறங்கியதும், அடிவார அலுவலகத்தில் அக்கா அறிக்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பெஞ்சில் நான் பக்கத்தில். 'பயணத்தில் நேர்ந்த தவறுகள்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை மூடாமல் கேட்டாள்.

"ஏழு சொல்லு."

"நான் எட்டு."

"தெரியும். ஏழு சொல்லு. அவ குரல்ல."

மூக்கைப் பிடித்தேன். சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. எழுதினாள்: 'ஓடைக்கு மேலே எண்ணிக்கை தவறு. முகத்தைப் பார்க்காமல் குரலை நம்பிவிட்டேன்.'

"தேர்வாளருக்குத்தான் தெரியவே தெரியாதே, எதுக்குக்கா எழுதுற? நான் பண்ணேன்னாவது எழுது."

"உன்னை வாலா போட்டது யாரு? நான்தானே?"

தேர்வாளர் இரண்டு தரம் படித்தார். "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கூட்டிட்டுப் போங்கம்மா," என்று கையெழுத்துப் போடாமல் மடித்து வைத்தார். ஏரிக்கரை முகாம் மூன்று மாதம் காத்திருக்காது. அக்காவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

பேருந்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, "நான் திரும்பிப் போனது உன் சான்றிதழுக்காகத்தான். அந்தத் தும்மலுக்காக ஒண்ணும் இல்ல," என்றேன்.

"அப்படியா?" என்றாள் அக்கா. "சான்றிதழுக்காகப் போனவளா 'பாப்பா, எங்க இருக்க, பயப்படாத, நான் வந்துட்டேன்'னு ஏங்கி ஏங்கி அழுதுக்கிட்டே ஓடின? மேல வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரையும் விட்டுட்டு இறங்கி வர முடியாம நின்னேன். சும்மா தேடிப் போறவ அப்படி அழ மாட்டா. ஏழுன்னு குரல் குடுத்தது யாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு."